ஏழு பகுதிகளும் ஒரு சாப்பாட்டுக் கொப்பியும்

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் எனக்கென்று இருந்த வேலை, சாப்பாட்டுக்குத் தலை எண்ணுவது. பொங்கல், சித்திரைப் புதுவருடம், பிள்ளைகளின் கலைவிழா என்று வருடத்தில் நான்கைந்து தடவை மண்டபத்தில் கூடுவோம். எத்தனை பேருக்குச் சமைப்பது என்று வியாழக்கிழமைக்கு முன் சமையல்காரருக்குச் சொல்ல வேண்டும். "நாங்கள் நாலு பேர், அதிலை ஒண்டு கைக்குழந்தை" என்று குடும்பங்கள் தொலைபேசியில் சொல்லுவார்கள். எல்லாரும் எனக்கு நேரே சொல்வதில்லை. சிலர் தலைவர் வீட்டுக்குச் சொல்வார்கள், சிலர் என் நண்பருக்குச் சொல்வார்கள், அவர்கள் எனக்குச் சொல்வார்கள். நான் அதை ஒரு கொப்பியில் நான்கு நிரலாக எழுதுவேன்: குடும்பம், தெரு, எத்தனை பேர், யார் மூலம் வந்த தகவல்.

நான்காவது நிரல் உண்மையில் தேவையில்லை. யாராவது சொல்லிவிட்டு வராமல் விட்டால் யாரிடம் விசாரிப்பது என்பதற்காக வைத்திருந்தேன். நான் செய்த பிழை அந்த நிரலில்தான் தொடங்கியது.

யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தேன். ஓய்வு பெற்றபின் மகன் எங்களை ஒக்லாந்துக்குக் கூப்பிட்டுக்கொண்டான். ஒனிஹங்காவில் அவன் எடுத்துத் தந்த வீட்டில் நானும் மனைவியும் இருந்தோம். எண்ணுவதை என்னால் விட முடியவில்லை. வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு எத்தனை விளக்குக்கம்பம், சான்ட்ரிங்ஹாம் போகும் பேருந்தில் எத்தனை இருக்கை காலி, எல்லாம் எண்ணுவேன். எண்ணி முடித்ததும் ஒரு கவலை வரும். இருபத்திரண்டு இருந்த இடத்தில் ஏன் இருபத்தொன்று என்று.

சிலர் தகவல் சொல்லி அனுப்பும் அந்த நண்பர் மலேசியாக்காரர். அங்கே ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. எங்கள் தெருவிலேயே, என் வீட்டிலிருந்து பதினோராவது வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறிய யூனிட்டில் வாடகைக்கு இருந்தார். ஒனிஹங்காவுக்குப் பயணிகள் ரயில் திரும்ப விட்ட சமயம், வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் பழக்கம். ரயில் வந்து நின்றதும் மணிக்கூட்டைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் லேட்டு லா" என்றார் முன்பின் தெரியாத என்னிடம். நானும் அதே நேரம் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு தினமும் காலையில் மனுகாவ் துறைமுகக் கரையோரம் இருவரும் நடந்தோம். அவர் என்னை மாஸ்டர் என்பார், நான் அவரை ஸ்டேஷன் மாஸ்டர் என்பேன். சங்கத்தில் எங்களை "ரெண்டு மாஸ்டரும்" என்றே சொல்வார்கள்.

அவருடைய மகள் நகரின் தென்கோடியில், பாபகூராவில் இருந்தாள். மருத்துவமனைத் தாதி. சனிக்கிழமைகளில் பெரும்பாலும் அவளுக்கு வேலை. இரண்டு பிள்ளைகள். எங்கள் சங்கத்தின் தமிழ் வகுப்போ சனிக்கிழமை காலையில், சான்ட்ரிங்ஹாமில் ஒரு பள்ளிக்கூடத்து அறையில் நடந்தது. பாபகூராவிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வர ஆள் இல்லை. இப்படித் தெற்கில் பல குடும்பங்கள் இருந்தன. வீட்டு விலையும் வாடகையும் அங்கே குறைவு என்று புதிதாக வந்தவர்கள் அங்கேதான் குடியேறினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வீடு வீடாகப் போய்ப் பேசி ஒரு பட்டியல் எடுத்தார். இருபத்து மூன்று பிள்ளைகள். பெயர், வயது, தாய் தகப்பன் தொலைபேசி எண், எல்லாம் நேர்க்கோட்டில், ரயில் நேர அட்டவணை போல.

"மாஸ்டர், பாபகூராவுல ஒரு கிளாஸ் வைக்கணும். நானும் போய்ப் பாடம் எடுக்கிறேன். சங்கம் பேரும் புத்தகமும் ஒரு டீச்சரும் குடுத்தா போதும். நீங்க என்னா சொல்றீங்க?"

நல்ல யோசனை என்றேன். ஆனால் மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டேன். சான்ட்ரிங்ஹாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். அவர்களில் ஒன்பது பேர் எப்படியோ தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள். அவர்கள் போனால் இருபத்திரண்டு. அந்த வகுப்பை முதலில் ஆறு பிள்ளைகளுடன் தொடங்கியவர்களில் நானும் ஒருவன். பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கூடம் அறையைத் திருப்பிக் கேட்கும் என்று பயந்தேன். அப்படி அவர்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. நானாகவே நினைத்துக்கொண்டேன்.

சங்கத்துக்குச் செயற்குழுவில் ஏழு பேர். பொதுக்கூட்டத்தில் குடும்பத்துக்கு ஒருவர் ஏழு பெயருக்கு வாக்குப் போடுவார். ஆகவே எந்தப் பக்கம் ஆள் கூடுதலோ, ஏழு இடமும் அந்தப் பக்கத்துக்கே போகும். இத்தனை வருடமும் சான்ட்ரிங்ஹாம் பக்கம் கூடுதலாக இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. இப்போது தெற்கு கூடிவிட்டது. அடுத்த தேர்தலில் ஏழும் ஸ்டேஷன் மாஸ்டரின் ஆட்களுக்குப் போய்விடும் என்று தலைவருக்குத் தெரிந்தது. அவரும் யாழ்ப்பாணத்தவர், கெட்டிக்காரர், சங்கத்துக்காக உண்மையாகவே ஓடித் திரிந்தவர். ஒரு ஞாயிறு மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மாஸ்டர், இந்தப் பழைய முறை சரியில்லை. ஒக்லாந்தை ஏழு பகுதியாப் பிரிப்பம். பகுதிக்கு ஒரு ஆள். எல்லா இடத்துக்கும் நியாயம். உங்களுக்குத்தானே கணக்கு வரும், நீங்கள் கீறித் தாங்கோ."

"கீறலாம்."

"சங்கத்து வேலை குழம்பாத மாதிரிப் பார்த்துக் கீறுங்கோ."

"குழம்பாம எண்டால்?"

"உங்களுக்கு விளங்காததோ, மாஸ்டர்?" என்று சிரித்து, மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

விளங்கியது. இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இது நடப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் நாட்டின் பொதுத் தேர்தல். 2011. நான் அன்றைக்கு ஒரு ஆரம்பப் பள்ளி மண்டபத்தில் வாக்கு எண்ணும் தற்காலிக வேலைக்குப் போயிருந்தேன். இந்த நாட்டில் ஒருவருக்கு இரண்டு வாக்கு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு. பாராளுமன்றத்தில் ஒரு கட்சிக்கு மொத்தம் எத்தனை இடம் என்பதைப் பெரும்பாலும் அந்தக் கட்சி வாக்குத்தான் தீர்மானிக்கும். ஆகவே தொகுதிக் கோட்டை எப்படி வளைத்தாலும் பெரிய லாபமில்லை. இந்த முறையை வைத்திருப்பதா மாற்றுவதா என்று அதே நாளில் மக்களிடம் கேட்டார்கள். காலையில் வேலை தொடங்குமுன், வைத்திருக்கவேண்டும் என்று அடையாளம் போட்டவன் நான். வீட்டுக்கு வந்து மனைவிக்கு அரை மணிநேரம் அதன் சிறப்பைப் படிப்பித்தேன். ஐந்து மாதத்துக்குள் தலைவர் சொன்ன கோட்டைக் கீறப் பென்சிலைக் கையில் எடுத்தேன்.

ஒக்லாந்து வரைபடம் ஒன்றை வாங்கிக் கடதாசி மட்டையில் ஒட்டினேன். சங்கத்தில் இருநூற்றெண்பது குடும்பங்கள். பகுதிக்கு நாற்பது. சரியாகப் பிரிந்தது, மீதியில்லை. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது இன்றும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குண்டூசி. எல்லாம் ஒரே நிறமாக இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திராது. நான் இரண்டு நிறம் வாங்கினேன். தலைவர் பக்கம் போடக்கூடிய குடும்பத்துக்குச் சிவப்பு, ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்துக்கு நீலம்.

யார் எந்தப் பக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? சாப்பாட்டுக் கொப்பியின் நான்காவது நிரல் சொன்னது. இரண்டு வருடப் பொங்கலையும் புரட்டினேன். தலைவர் வீட்டு மூலம் தகவல் வந்த குடும்பம் சிவப்பு. ஸ்டேஷன் மாஸ்டர் மூலம் வந்தது நீலம். நேரே எனக்குச் சொன்னவர்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசித்தேன். நீலம் நூற்றைம்பத்தொன்று, சிவப்பு நூற்றிருபத்தொன்பது.

மனைவி மேசையடியில் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, மாப் கீறுறதுக்குச் சாப்பாட்டுக் கொப்பி என்னத்துக்கு?"

"விலாசம் பார்க்க."

"விலாசத்துக்கு மெம்பர் லிஸ்ட் கிடக்குத்தானே."

நான் அடுத்த குண்டூசியை எடுத்தேன்.

"சனம் சோத்துக்கு எண்டு நம்பிச் சொன்னதை வேறை அலுவலுக்கு எடுக்காதேங்கோ" என்றாள். பிறகு குண்டூசிப் பெட்டியின் மூடியை எடுத்து மூடிவிட்டுப் போனாள். நான் அதைத் திறந்தேன்.

வழி இரண்டுதான். ஒன்று, எதிர்ப்பக்கத்து ஆட்களை ஒரே இடத்தில் குவித்துவிடுவது. பாபகூராவும் அதற்கு மேலேயுள்ள இடங்களும் சேர்த்து இரண்டு பகுதி, ஏறக்குறைய முழுவதும் நீலம். அந்த இரண்டையும் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எவ்வளவு கூடுதலாக வென்றாலும் ஒரு பகுதிக்கு ஒரு இடம்தான். மற்ற வழி, மிஞ்சியவர்களைச் சிதறடிப்பது. ஒனிஹங்காவில் சங்கத்து ஆட்கள் முப்பத்தெட்டுக் குடும்பம். அதில் இருபத்தொன்பது நீலம். இன்னும் இரண்டு வீட்டைச் சேர்த்தால் ஒனிஹங்கா இயல்பாகவே ஒரு பகுதி. அதை மூன்றாகக் கீறினேன். பதின்மூன்று, பதின்மூன்று, பன்னிரண்டு. ஒவ்வொரு துண்டையும் சிவப்புக் கூடின ஒரு பக்கத்தோடு ஒட்டினேன். ஒரு கோடு எங்கள் தெருவுக்குள்ளேயே வந்தது. என் வீடு ஒரு பகுதி, பதினோராவது வீடு வேறு பகுதி.

அது நண்பரின் வீடு என்று எனக்குத் தெரியாமலில்லை. அந்த நேரத்தில் அது நீல ஊசி.

பொதுக்கூட்டத்தில் படத்தைத் திரையில் காட்டினோம். எவ்வளவு நேரம் என்று எண்ணினேன், இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து, "இது என்னா மாஸ்டர், நாலாவது பகுதி சாக்ஸ் மாதிரி இருக்கு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"எல்லாத்துக்கும் நாற்பது நாற்பது வரவேணும் எண்டால் அப்பிடித்தான் வளையும்" என்றேன்.

அவர் என்னை நம்பி உட்கார்ந்தார். நீங்கள் கீறினதென்றால் சரியாகத்தான் இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவருக்கு அவர் சொன்னது எனக்குக் கேட்டது. படம் நிறைவேறியது. அதோடு, இனி இந்தப் பகுதிகளை மாற்ற வேண்டுமானால் முதலில் செயற்குழுவில் நாலில் மூன்று பங்கு பேர் சம்மதிக்க வேண்டும் என்று ஒரு விதியும் நிறைவேறியது. அதற்குரிய வாக்கியத்தை எழுதியவனும் நான்தான். அடிக்கடி மாற்றினால் குழப்பம் என்று காரணம் சொன்னேன்.

ஒரு மாதத்தில் தேர்தல். இரண்டு லீட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஏழின் மூடியில் பிளவு வெட்டி வாக்குப்பெட்டியாக வைத்தோம். எண்ணும் பொறுப்பு என்னிடம். தெற்கில் இரண்டு பகுதியிலும் அவர்களுக்கு முப்பத்தைந்தும் முப்பத்தாறும் விழுந்தன, எங்களுக்கு ஒன்றும் இரண்டும். மற்ற ஐந்திலும் நாங்கள் வென்றோம். மிகவும் கிட்டத்தில் வந்தது சாக்ஸ் போன்ற நான்காவது பகுதி. அங்கே நின்றவர் ஸ்டேஷன் மாஸ்டரேதான். இருபத்தொன்றுக்குப் பதினைந்து. ஆறு வாக்கில் தோற்றார்.

மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், நீங்க கணக்கு வாத்தியார். இதக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க."

ஏழு பகுதியிலும் விழுந்த வாக்கை இரண்டு வரிசையாக எழுதியிருந்தார். கூட்டத் தேவையில்லை. எனக்கு ஏற்கனவே தெரியும். அவர்கள் பக்கம் நூற்றுமுப்பத்தேழு, எங்கள் பக்கம் நூற்றுப்பதினான்கு.

"ஜாஸ்தி ஓட்டு எங்களுக்கு. அஞ்சு சீட்டு உங்களுக்கு. எப்படி?"

"பகுதிமுறை எண்டால் அப்பிடி வரும், ஸ்டேஷன் மாஸ்டர்."

"வராது. வர வச்சீங்க" என்றார். குரல் உயரவில்லை. "எங்காளுங்க எல்லாரையும் ரெண்டே பெட்டில ஏத்தி அடைச்சிட்டீங்க. மத்த அஞ்சு பெட்டிலயும் பெட்டிக்குப் பத்துப் பேரா நிக்க வச்சிட்டீங்க. முப்பது வருஷம் ரயில்வேயில இருந்தவன் மாஸ்டர் நான். கூட்டத்த எப்படிப் பிரிச்சு ஏத்துறதுன்னு எனக்குத் தெரியாதா?"

நான் கதிரையை அடுக்கினேன்.

புதிய செயற்குழுவின் முதல் கூட்டத்தில் பாபகூரா வகுப்பு விஷயம் வந்தது. இரண்டு பேர் ஆதரவு, ஐந்து பேர் எதிர்ப்பு. தாளில் இருந்த இருபத்து மூன்று பெயர்களையும் ஸ்டேஷன் மாஸ்டரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து நான் இன்னொரு கணக்குப் பார்த்தேன். விழுந்த வாக்கின் அளவுக்கு ஏழு இடத்தையும் பங்கிட்டால் எப்படி வரும்? அவர்களுக்கு நாலு, எங்களுக்கு மூன்று. பழைய முறையில் ஏழும் அவர்களுக்கே போயிருக்கும், அதுவும் அநியாயம்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர்களுக்கு ஏழு என்பதற்கும் எங்களுக்கு ஐந்து என்பதற்கும் நடுவில் இந்த நாலும் மூன்றும் இருந்ததே, அதை நான் கீறுமுன் ஒருதரம்கூட எண்ணிப் பார்க்கவில்லை. அப்படி அமைந்திருந்தால் செயற்குழுவில் ஒரே ஒரு வாக்கால் வகுப்புத் தொடங்கியிருக்கும். என் ஆயுளில் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

காலை நடை நின்றுபோனது. அவர் நடக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டார். அடுத்த பொங்கலுக்கு அவரிடமிருந்து தொலைபேசி வரவில்லை. அவர் மூலம் வரும் குடும்பங்களிடமிருந்தும் வரவில்லை. அதற்கு முந்திய பொங்கலுக்கு நானூற்றுப்பன்னிரண்டு பேர் சாப்பிட்டார்கள். இந்தமுறை இருநூற்றறுபத்தெட்டு. அதற்கடுத்த வருடம் நூற்றுத்தொண்ணூறு. அண்டாவில் சோறு மிஞ்சியது. மனைவி ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு ஆட்களுக்குக் கொடுத்தாள். அவற்றில் ஒன்றின் மூடியில் நான் வெட்டிய பிளவு இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேறு மூடி தேடினாள்.

ஒரு நாள் காலை தெருவில் சாமான் ஏற்றும் லொறி நின்றது. ஜன்னலால் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு மேசை, எட்டு அட்டைப்பெட்டி, சுவர் மணிக்கூடு ஒன்று. மகளோடு இருக்கப் பாபகூராவுக்குப் போகிறார் என்று பிறகு தெரிந்தது. பதினொரு வீடு தாண்டிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செருப்பைக்கூடப் போட்டேன். லொறி போகும்வரை வாசலில் நின்றேன்.

குடிசன மதிப்புக் கணக்கெடுப்புக்குப் பிறகு நாட்டின் தொகுதி எல்லைகளைத் திருத்தி அமைப்பார்கள். அந்தமுறை நான் பத்திரிகை படிக்க நூலகம் போனபோது, புதிய எல்லைகளின் நகல் வரைபடம் ஒரு நீண்ட மேசையில் விரித்துக் கிடந்தது. நான் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். எங்கேயாவது ஒரு சாக்ஸ் இருக்கிறதா என்று தேடினேன். அங்கே வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பக்கத்தில் வந்தார். ஏதாவது கோடு சரியில்லை என்று தோன்றினால் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம், யாரும் கொடுக்கலாம், காலக்கெடு இன்னும் இருக்கிறது என்றார். காரணமும் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். சொன்னால் நல்லது, அவர்கள் படிப்பார்கள் என்றார்.

அந்த மேசைக்கு முன்னால் எனக்கு முகம் சுட்டது. முன்பின் தெரியாத ஒரு கிழவனின் ஆட்சேபத்துக்கு இத்தனை நாள் திறந்து வைத்திருக்கிறார்கள். நான் என் சொந்த ஆட்களுக்குக் கொடுத்தது இரண்டு நிமிடம். அதிலும் ஒருவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். அவரைச் சிரித்து உட்கார வைத்தேன்.

நான்கு பக்கத்தில் ஒரு திருத்தம் எழுதினேன். குடும்பம் இரண்டு வாக்குப் போடட்டும், ஒன்று பகுதிக்கு, மற்றது எந்த அணி என்று மொத்தத்துக்கு. செயற்குழுவில் இடங்கள் மொத்தத்தின் அளவுக்கே அமையட்டும். அப்படியானால் கோடு கீறுகிறவனுக்கு ஆசை வராது, ஏனென்றால் வளைத்து ஒன்றும் கிடைக்காது. கோட்டையும் சங்கத்தில் இல்லாத ஒருவர் கீறட்டும், குடும்பங்களின் விலாசத்தை மட்டும் அவருக்குக் கொடுங்கள், வேறொன்றையும் கொடுக்காதீர்கள். கீறிய படம் ஒரு மாதம் சுவரில் தொங்கட்டும். யாரும் ஆட்சேபிக்கலாம். இவ்வளவுதான். வேறொன்றையும் கொடுக்காதீர்கள் என்பதை இரண்டு தடவை எழுதியிருந்தேன். மனைவி படித்துவிட்டு, "இப்ப எழுதுறியள்" என்று மட்டும் சொன்னாள்.

செயற்குழுவுக்கு முன் போய் நின்றேன். ஐந்து பேர், இரண்டு பேர். அதே ஐந்து, அதே இரண்டு. தலைவர் நான்கு பக்கத்தையும் மேசையில் தட்டி நேராக்கினார்.

"மாஸ்டர், இது நீங்கள் கீறின கோடுதானே?"

"ஓம்."

"அப்ப நல்ல கோடு. இப்ப கெட்டுப்போச்சோ?"

"அப்பவும் கெட்ட கோடுதான். அப்ப நான் சொல்லேல்லை."

"ஐயா, உங்களுக்கு வயசு போட்டுது, தேவையில்லாத யோசனையெல்லாம் வருது. சங்கம் ஒழுங்கா நடக்குது. எல்லாப் பகுதிக்கும் நாற்பது குடும்பம். இதைவிட நியாயம் என்ன வேணும்?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். சாக்ஸ் என்று சொன்னபோது எல்லாரும் சிரித்த அதே சிரிப்பு. இந்தமுறை நின்றுகொண்டிருந்தவன் நான்.

வாக்கெடுப்பில் தெற்கிலிருந்து வந்த இருவரும் எனக்காகக் கை உயர்த்தினார்கள். என்னால் தோற்கடிக்கப்பட்டவர்களின் கைகள் அவை. நாலில் மூன்று பங்குக்கு ஆறு கை வேண்டும். மாற்ற வேண்டியதை மாற்றுகிற அதிகாரத்தை, அதனால் லாபம் அடைந்தவர்களிடமே பூட்டிச் சாவியையும் கொடுத்திருந்தேன். அன்றைக்கே சாப்பாட்டுக் கொப்பி எழுதுவதையும் விட்டேன்.

சான்ட்ரிங்ஹாம் வகுப்பைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? தெற்குப் பிள்ளைகள் ஒன்பது பேரும் முதல் வருடத்திலேயே நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் வளர்ந்து போனார்கள். புதிதாக வீடு வாங்குகிறவர்கள் தெற்கே போனார்கள். 2017ல் சான்ட்ரிங்ஹாமில் ஒன்பது பிள்ளைகள் படித்தார்கள். அறையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

அந்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு. நாளைக்கு வரலாமா என்று கேட்டேன். "பென்ரோஸ்ல மாறணும், ஞாபகம் இருக்கா?" என்றார்.

ஒனிஹங்காவில் ஏறி, பென்ரோஸில் மாறி, பாபகூராவில் இறங்கினேன். நிலையத்து நடைபாலத்தடியில் கைத்தடியோடு நின்றார். நான் கிட்டப் போகுமுன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மூணு நிமிஷம் லேட்டு" என்றார்.

"அஞ்சு வருஷம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் நடையை எனக்காகக் குறைத்தார். வழியில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, கோடு கீறிய கதையைத் தொடங்கினேன். கோடு கீறினவன் நான் என்பது அவருக்குத் தெரியும். அது யாருக்கும் தெரியும். சாப்பாட்டுக் கொப்பியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

"தெரியும் மாஸ்டர்."

"கொப்பியா?"

"எந்த வீடு யாரு பக்கம்னு சங்கத்துல வேற எவன்கிட்ட எழுத்துல இருக்கு? 'இந்த வீட்டுல மூணு பேரு, அடுத்த வீட்டுல அஞ்சு பேரு'ன்னு போன் பண்ணிச் சொன்னவனே நான்தானே. சீட்டு தோத்தது பெரிசில்ல. ஆறு ஓட்டுல தோக்கிறது எல்லாருக்கும் வர்றதுதான். சாப்பிடக் கூப்பிட்டு எண்ணினதை வச்சு வெட்டிட்டீங்க பாருங்க, அதுதான் ரொம்ப நாள் தூங்க விடல. அதனாலதான் எங்காளுங்க யாரும் அப்புறம் எண்ணிக்கை சொல்லல. நான் சொல்ல வேணாம்னு சொன்னேன்."

மன்னிப்புக் கேட்டேன். கேட்டதும் அது எவ்வளவு சிறிய சொல் என்று தெரிந்தது.

வீட்டில் அவர் அறைக்குள் போய் அந்தத் தாளைக் கொண்டு வந்தார். நான்கு மடிப்பும் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. கண்ணாடி இல்லாமலே எனக்குப் படித்துச் சொன்னார். முதலாவது பிள்ளை இப்போது பல்கலைக்கழகம். இரண்டாவது ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. மூன்றாவதும் நான்காவதும் சகோதரர், உயர்நிலைப்பள்ளி, ரக்பி விளையாடுகிறார்கள். இப்படி இருபத்து மூன்று வரையும்.

"இப்ப வைச்சால் எத்தனை பேர் வருவினம்?" என்று கேட்டேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இவங்களா? ஒருத்தரும் வர மாட்டாங்க. வயசு போச்சு மாஸ்டர். ஏழு வயசுல வந்திருப்பாங்க." தாளை மடித்தார். "புதுசா சின்னப் பிள்ளைங்க இருக்கு. ஆனா எனக்குத் திரும்ப வீடு வீடா நடக்க முட்டி இல்ல."

சமையலறையில் மருமகன் ஏதோ வறுத்துக்கொண்டிருந்தார். மகள் வழமைபோல வேலைக்குப் போயிருந்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் உள்ளே எட்டிப் பார்த்து, "மாஸ்டரும் சாப்பிடுறார். அஞ்சு பேரு" என்றார். நான் போகவேண்டும் என்று சொல்லப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். எத்தனையோ வருடம் நான் எழுதிய கணக்கில் நான் ஒரு தலையாக இருந்ததேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எண்ணுகிறவன் தன்னைச் சேர்ப்பதில்லை.

பேத்தி வந்து சாப்பாட்டுக் கோப்பைகளை மேசையில் வைத்தாள். பட்டியலில் பதினேழாவது பெயர் அவளுடையது. அன்றைக்கு ஒன்பது வயது, இப்போது பதினான்கு. என்னைப் பார்த்து, "ஹாய் அங்கிள்" என்றாள், நல்ல பிள்ளை. அவளுடைய பாட்டன் தமிழில் ஏதோ பகிடி சொன்னார். அவள் அதற்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அவர் அதை எனக்குத் திரும்பத் தமிழில் சொல்லவில்லை. அவருக்கும் முழுவதும் விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

ஒவ்வொரு கோப்பையாக வைத்துக்கொண்டே அவள் வாய்க்குள் எண்ணினாள். வன், டூ, த்ரீ, ஃபோர். ஐந்தாவது கோப்பையை எனக்கு முன்னால் வைத்து, "ஃபைவ்" என்றாள். வழக்கத்தில் பிள்ளைகளைக் கண்டால் தமிழில் எண்ணச் சொல்லுவேன், அது என் பழைய பழக்கம். அன்றைக்கு அவளிடம் அதைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கவில்லை. குனிந்து சாப்பிட்டேன்.